ஆட்டம் அமைத்த கதை



கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது எங்கள் குருபரப்பள்ளி. ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் தொழிற்சாலை, நடுவே இரவு பகலாக ஓடும் லாரிகள். கன்னட நாட்டின் எல்லை தொலைவில் இல்லை. தெருவிலே நாலடி நடந்தால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறி மாறிக் காதில் விழும். நாம் ஆடு புலி ஆட்டம் என்பதைக் கன்னடம் பேசுவோர் ஆடு ஹுலி ஆட்ட என்பர்; தெலுங்கு பேசுவோர் புலி ஜூதம் என்பர். நம் பல்லாங்குழி கன்னடத்தில் அளகுளி மணெ; தெலுங்கில் வாமன குண்டலு. பெயர் மூன்று, குழி பதினான்கு, விதியில் மட்டும் வீட்டுக்கு வீடு சிறு சண்டை.

புதிதாக ஒரு பலகை விளையாட்டை அமைப்பது எப்படி, அமைத்ததைச் சோதிப்பது எப்படி, அதைப் பெட்டியாக்குவதற்கு வேண்டிய பணத்தைப் பலரிடமிருந்து சிறுகச் சிறுகத் திரட்டுவது எப்படி என்பன பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இம்மூன்றிலும் தவறு செய்தவன் நான். ஆகவே பேசுவதற்கு எனக்கு ஓரளவு உரிமை உண்டு என எண்ணுகிறேன்.

முதலில் ஆடு புலி ஆட்டத்தையே பாருங்கள். பலகையை வானொலியில் காட்ட இயலாது, மனத்திலே வரைந்துகொள்ளுங்கள். கோடுகள் கூடும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, கூடி நின்று புலிக்கு வழியடைக்கும். இரு கட்சிக்கும் படையும் வேறு, நடையும் வேறு, நோக்கமும் வேறு. ஆயினும் தேர்ந்த இருவர் ஆடினால் யார் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. வகுப்பில் ஒரு முறை புலி ஒன்றைக் குறைத்து ஆடச் சொன்னேன். ஆட்டுக் கட்சி எளிதில் வென்றது. புலி ஒன்றைக் கூட்டினேன். ஆடுகள் பாதி வரும் முன்பே ஆட்டம் முடிந்தது. மூன்றும் பதினைந்துமே சரி என்று கண்டவர் யார்? அவர் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை. ஒருவர் கண்டிருக்கவும் மாட்டார் என்பது என் கருத்து. பாறைமீதும் கோயில் மண்டபக் கல்மீதும் கோடு கீறி உட்கார்ந்தவர்கள், சுவையற்றுப் போன விதியை விட்டுவிட்டுச் சுவையுள்ளதை வைத்துக்கொண்டார்கள். பல தலைமுறைச் சோதனை அது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நம் அண்டையிலேயே உண்டு. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரையில், கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அம்மைசூரின் அரியணையில் 1799இல், திப்பு சுல்தான் வீழ்ந்த பின், சிறு பாலகராக அமர்த்தப்பட்டவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை அவர் கையினின்றும் எடுத்துக்கொண்டனர். 1868இல் மறையும் வரையில் பட்டம் இருந்தது, ஆட்சி இல்லை. அந்த நீண்ட ஓய்வில் மன்னர் கலைகளைப் பேணினார், விளையாட்டுகளையும் அமைத்தார். ஸ்ரீதத்துவநிதி என்னும் அவரது பெருந்தொகுப்பில் விளையாட்டுகளுக்கெனவே கௌதுக நிதி என்றொரு பகுதி உண்டு. சதுரங்கக் குதிரையை அறுபத்து நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு முறை மட்டுமே கால்வைத்து வரச் செய்யும் புதிரில் அவர் காட்டிய திறம் இன்றும் கணித வல்லுநரால் மெச்சப்படுகிறது.

அவர் வகுத்த கஞ்சிபாச் சீட்டாட்டங்களுள் மிகப் பெரியது 360 சீட்டுகள் கொண்டது. எண்ணிப் பாருங்கள்: இன்றைய சீட்டுக் கட்டு ஏழை ஒன்றாகச் சேர்த்தது போல! அழகில் அதற்கு இணையில்லை. ஆயினும் அது அரண்மனை மதிலைத் தாண்டி ஊருக்குள் வரவில்லை. மன்னர் அமைத்த ஆட்டத்தைச் சரியில்லை என்று மன்னரிடமே சொல்ல யார் துணிவார்? மேய்ச்சல் நிலத்தின் பதினெட்டுக் கூழாங்கல் நிலைத்திருக்க, 360 சீட்டும் அருங்காட்சிப் பொருளாயின. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் என்னும் அமைப்பினர் இத்தகைய பழம்பலகைகளைத் தேடித் திரட்டிக் கண்காட்சி நடத்திவருகின்றனர். வாய்ப்புக் கிடைப்பின் சென்று காணுங்கள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைக் கொண்டு ஆட்டம் அமைக்கலாம் என்று தொடங்கினோம். எனக்கு ஒரு சொல்லாட்டத்தின்மேல் ஆசை. ஆங்கிலத்தில் ஸ்கிராபிள் என்ற ஆட்டத்தைப் பலர் அறிவீர்கள். அதை அமைத்தவர் ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்து வீட்டிலிருந்தவர் அவர். நியூயார்க் டைம்ஸ் இதழின் முதற்பக்கத்தை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதற்கேற்ப ஈ என்னும் எழுத்துக்கு 12 வில்லை, கியூவுக்கு ஒன்று என வகுத்தார். எஸ் அடிக்கடி வரும் எழுத்துதான். எனினும் அதற்கு நான்கு வில்லைகளே தந்தார். பெயரின் கடைசியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்கி எளிதில் புள்ளி பெறுவதைத் தடுக்கவே அப்படிச் செய்தார். பல கம்பெனிகள் அவர் ஆட்டத்தை வேண்டாமென்றன. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் ஸ்கிராபிள் என்று பெயரிட்டு வெளியிட்டார். 1952க்குப் பின்னரே அது நன்றாக விற்கத் தொடங்கியது.

தமிழுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? நமக்கு எழுத்து 247. முதலில், சார்ட் அட்டையைக் கத்தரித்து 247 எழுத்தையும் எழுதினோம். ஆட உட்கார்ந்தால், வேண்டிய எழுத்தைத் தேடுவதிலேயே பொழுது போயிற்று. ஙு, ஞௌ என்பன போன்ற எழுத்துகள் கையில் சேர்ந்தவன் முகம் வாடியது. அந்த ஆட்டம் ஒரே மாலையோடு முடிந்தது.

அடுத்து இலக்கணத்தின் உதவியை நாடினேன். உயிரும் மெய்யும் சேர்ந்தே உயிர்மெய் ஆகிறது அன்றோ? ஆகவே உயிர் 12, மெய் 18, ஆக 30 வகை வில்லைகள் போதும் என முடிவு செய்தேன். கப்பல் என்று வைக்கவேண்டுமானால் க், அ, ப், ப், அ, ல் என்று ஆறு வில்லைகள். இது மிக நேர்த்தியான ஏற்பாடு என்று எனக்குப் பெருமை. ஆசிரியர்கள் ஆடினார்கள், மகிழ்ந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடினார்கள்; கொட்டாவி விட்டார்கள். வில்லைகளைக் கூட்டிப் படிப்பதற்குள் அவர்களுக்குச் சொல்லே மறந்துபோயிற்று. நானோ குற்றம் பிள்ளைகளிடம் என்று கருதினேன். இலக்கணப் பயிற்சி போதவில்லை என்று சொல்லி, இரண்டு வாரம் எழுத்தியல் நடத்தினேன்! ஆட்டம் கசக்கிறது என்று ஆடுபவர் சொன்னால் பாடம் நடத்தப் புகுவது, ஆட்டம் அமைப்போர் செய்யும் தவறுகளில் முதன்மையானது.

மூன்றாவது முறையாக உயிர்மெய் அகர வரிசையைக் கொண்டு வில்லை செய்தோம்: க, ங, ச, ஞ என்றவாறு. அவற்றுக்குக் கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனி வில்லைகளாகச் சேர்ப்பது என ஏற்பாடு. இதிலும் தொல்லை. கு, சு, டு, மு எனும்போது எழுத்தின் வடிவே மாறுகிறது. தனியே ஒட்ட வைக்க முடியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றிக் குழப்பின.

அன்று மாலை எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். வீட்டிலே தெலுங்கு பேசுபவள். கையில் கொம்பு வில்லை இல்லை. ப, ல என்ற இரண்டையும் பலகையில் வைத்துவிட்டு, புலி என்று படித்தாள். மற்றவர் சிரித்தனர். நான், பகரத்தைப் பு என்று எப்படிப் படிக்கலாம் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் வில்லைகளை எடுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தது, பிழையைக் கண்டவுடன் திருத்த வேண்டும் என்பது. வகுப்பறையில் அது சரியாக இருக்கலாம். ஆட்டத்தைச் சோதிக்கும் இடத்தில் அது பெருங்கேடு. ஆட்டம் அமைத்தவர் விதித்தாளைக் கொடுத்துவிட்டு வாய்மூடி உட்கார வேண்டும். விளங்கவில்லையா என்றும் கேட்கக்கூடாது. எங்கே தயங்குகிறார்கள், எங்கே ஜன்னலைப் பார்க்கிறார்கள், எந்த விதியைத் தாமே மாற்றிக்கொள்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்வதே அவர் வேலை. பல்மருத்துவத் தொழில்நுட்பராக இருந்து, பின்னர் 1995இல் காட்டான் என்னும் உலகப் புகழ் பெற்ற ஆட்டத்தை வெளியிட்ட ஜெர்மானியர் கிளவுஸ் டாய்பர், தம் மனைவி மக்களோடு உட்கார்ந்தே அதைப் பலமுறை ஆடிச் செப்பனிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்வார். அச்சிறுமி செய்ததும் அது போன்றதே அன்றோ? க என்ற வில்லை அவ்வரிசை முழுவதற்கும் நிற்கட்டும். க், கா, கி, கு எதுவாகவும் படிக்கலாம் என்று வைத்தால் என்ன? ப, ல என்ற இரண்டு வில்லைகளிலிருந்து பல், பால், பாலை, புல், புலி, பலா, பலி எனச் சொற்கள் கிளைக்கின்றன. குறுக்கே ஒரு விதமாகவும் நெடுக்கே வேறு விதமாகவும் அதே வில்லையைப் படிக்கலாம். கால் வேண்டாம், கொம்பு வேண்டாம், புள்ளி வேண்டாம். 30 வகை வில்லைகள் போதும். பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் படிக்கிறார்கள்.

அவள் வீட்டுக்கே சென்று அழைத்து வந்தேன். நீ செய்தது பிழையன்று, அதுதான் இனி விதி என்றேன். அவள் நம்பவில்லை, சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்றே எண்ணினாள். விதித்தாளின் முதல் விதியை அவள் கையாலேயே எழுதச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. பட்ஸ் செய்ததுபோலச் செய்தித்தாள் பக்கங்களை எடுத்து எண்ணினோம். எங்கள் கணக்கில் க, த, ம, ர, ன வரிசைகள் முன்னின்றன. உயிரெழுத்து தமிழில் பெரும்பாலும் சொல்லின் முதலிலேயே வரும்; ஆகவே உயிருக்கு மிகச் சில வில்லைகளே வைத்தோம். ஆங்கில ஆட்டத்தில் 42 வில்லைகள் உயிரெழுத்தாக இருப்பதை நினைக்க, இது எங்களுக்கே வியப்பாக இருந்தது. எஸ் தந்த தொல்லை போன்ற ஒன்று நமக்கும் உண்டு. மரம் என்று வைத்தால், அடுத்தவன் மரத்தை, மரத்தால் என்று உருபு சேர்த்துக்கொண்டே போகலாம். இதைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து மூன்று முறை வென்றான் ஒரு குறும்பன். வேற்றுமை உருபு ஏற்ற சொல் செல்லாது என்ற விதி அவனால் வந்தது.

சோதனைக்குக் கண் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். வேறொரு குழுவினர் லாரி ஆட்டம் ஒன்று அமைத்தார்கள். கிருஷ்ணகிரியில் புறப்பட்டுச் சூளகிரி வழியாக ஓசூர் போய்ச் சேரவேண்டும். உருட்டுவதற்கு இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். தாயம் விழுந்தால்தான் லாரி கிளம்பும். கட்டை ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். ஆகவே இரு கட்டைக்கும் 16 வகை விழுக்காடுகள். அவற்றுள் தாயம் தருவன இரண்டே. எட்டில் ஒரு பங்கு. எட்டு முறை உருட்டினால் எப்படியும் தாயம் விழும் என்று பிள்ளைகள் எண்ணினர். எட்டில் ஏழு என்பதை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 வரும். அதாவது மூவரில் ஒருவர் எட்டு முறை உருட்டியும் கிருஷ்ணகிரியிலேயே நிற்பார்! தாயத்தோடு ஐந்து விழுந்தாலும் கிளம்பலாம் என்று மாற்றினார்கள். வாய்ப்பு நான்கில் ஒன்றாயிற்று. எட்டு முறையும் நிற்பவர் பத்தில் ஒருவராகக் குறைந்தனர்.

ஆட்டத்தால் ஒரு கொள்கையைப் புகட்ட விரும்புவோர்க்கு ஒரு சொல். எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904இல் நிலக்கிழார் ஆட்டம் என்பதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தைச் சிலர் வளைத்துக்கொள்வதன் தீமையைக் காட்டுவது அவர் நோக்கம். எல்லோரும் செழிக்கும் ஒரு விதிமுறை, பிறரை ஓட்டாண்டியாக்கி ஒருவர் வெல்லும் ஒரு விதிமுறை என இரண்டு வகுத்தார். ஆடியவர்கள் இரண்டாவதையே விரும்பினர்! அதன் வழிவந்த மோனோபொலியை 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி வேறொருவர் பெயரால் வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். ஆடுபவர் நம் கருத்துக்கு அடங்கி ஆடுவார் என்று நம்பவேண்டாம். உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிவைக்க மறக்கவும் வேண்டாம்.

இனிப் பணம். ஒரு சிறு ஆட்டத்தைச் சில நூறு பெட்டிகளாகச் செய்வதற்கும் முதல் வேண்டும். அதைத் தருவோர், வாங்கப் போகிறவர்களாகவே இருக்கலாம் என்பது கூட்டு நிதி முறை. புதுமை என்று கருதவேண்டாம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது எவ்வாறு? புத்தகம் வெளிவருமுன்பே, இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் பெற்றார். அந்தக் கையொப்பக்காரர்கள் பார்த்தது அச்சிட்ட நூலையன்று, ஐயரையே.

இன்று அதனையே இணையத்தின் வழியாகச் செய்கின்றனர். 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் அவற்றுள் முதன்மையானது. இத்தனை பணம், இந்தத் தேதிக்குள் என்று முன்னரே அறிவிக்கவேண்டும். குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமும் ஒரு காசும் எடுப்பதில்லை. 2015இல் எக்ஸ்புளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டாட்டத்துக்கு 2,19,000க்கு மேற்பட்டவர்கள் பணம் தந்தனர். நம் நாட்டிலும் மும்பையைச் சேர்ந்த மீமிசிஸ் கல்ச்சர் லேப் குழுவினர், தேர்தல் அரசியலைப் பொருளாகக் கொண்ட சாஸன் என்னும் ஆட்டத்துக்கு 2019இல் இவ்வழியில் நிதி திரட்டினர்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆட்டத்துக்கு 35,000 டாலர் வேண்டும் என்று கேட்டார் ஒருவர். 1,22,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. ஓராண்டு கழித்து, ஆட்டம் வராது என்று அறிவித்தார். பணத்தில் பெரும்பகுதி அவருடைய சொந்தச் செலவுக்குப் போயிருந்தது. அந்நாட்டு வணிக ஆணையம் 2015இல் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. கூட்டு நிதி தொடர்பாக அவ்வாணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுவே.

நான் மோசம் செய்யவில்லை. ஆயினும் முதன்முறை முறைகேடாகவே நடந்துகொண்டேன். 25 பெற்றோரிடம் பெட்டிக்கு 180 ரூபாய் வீதம் முன்பணம் வாங்கினேன். தேதி குறிப்பிடவில்லை. மரவில்லை அறுத்துத் தருவதாகச் சொன்ன பட்டறை ஏழு மாதம் இழுத்தது. தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்க்கும் ஒரு தந்தை இரண்டு தடவை பள்ளிவரை வந்தார். பையன் படிப்பைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போனார். பணத்தைக் கேட்கத்தான் வந்தார் என்பதும், தலைமையாசிரியரிடம் கேட்க நாவெழவில்லை என்பதும் பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த 180 ரூபாய் அவர் வீட்டில் என்னென்ன ஆகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் 25 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுமுறை ஐயரின் வழியைப் பின்பற்றினோம். முதலில் கையொப்பம் மட்டும். பொங்கலுக்குள் 30 பேர் சேராவிட்டால் ஆட்டம் இல்லை என்று நோட்டீசிலேயே எழுதினோம். பட்டறையின் கூலி, அட்டை, அச்சு, பை, உடையும் வில்லைகளுக்கு ஈடு என ஒவ்வொரு செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். 31 பேர் கையொப்பமிட்டனர். முதலில் இட்டவர் அந்தத் தந்தையே. மாதிரிப் பெட்டியைப் பார்த்த பின்னரே பணம் பெற்றோம். பங்குனியில் பெட்டிகளைக் கொடுத்து முடித்தோம். மீதி 212 ரூபாயில் பள்ளிக்கு இரண்டு பல்லாங்குழிப் பலகைகள் வாங்கினோம்.

முதல் விதியை எழுதிய அச்சிறுமி இப்போது பட்டதாரி. அவள் இந்த ஆட்டத்தைத் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் கொண்டுபோக முயல்கிறாள். அங்கும் வரிசைகள் நம்மைப் போன்றவையே. ஆனால் மெய்யின்கீழ் மெய்யை எழுதும் ஒத்தெழுத்து இடையூறாக நிற்கிறது. அதை ஒரு வில்லையாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா? இரண்டாகக் கொண்டால் சொல் நீள்கிறது. ஒன்றாகக் கொண்டால் படிப்பவர் தடுமாறுகிறார். நான் ஒன்று என்கிறேன்; அவள் இரண்டு என்கிறாள். வருகிற சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆடிப் பார்க்கப்போகிறோம். வாய்மூடி இருப்பதாக அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.